சீத்தாப்பழம் – சுளை அமுதம், விதை விஷம்!

சென்ற புரட்டாசியில் பெங்களூரிலிருந்து என் நாத்தனார் குழந்தைகளோடு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து நாலு டிராகன் பழத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரோஜா நிறத்தில், செதில் செதிலாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அண்ணி, இது வெளிநாட்டுப் பழம். விலை ஜாஸ்திதான். ஆனா அவ்வளவு சத்தாம்! பிள்ளைங்களுக்குக் கொடுங்க" என்றாள்.

அதே நேரம் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில், மலையடிவாரத்திலிருந்து வந்த ஒரு கூடை சீத்தாப்பழம் இருந்தது. அவளுடைய சின்ன மகன் அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயே, அழுகினாப்ல இருக்கே!" என்று கையை உதறினான். எனக்குச் சிரிப்பாக வந்தது. ஒரு பழத்தைப் பிளந்து, விதையை நீக்கி, ஒரு சுளையை அவன் வாயில் வைத்தேன். அப்புறம் என்ன? டிராகன் பழம் மேஜையிலேயே இருந்தது. கூடை பாதியாகக் குறைந்தது!

இந்தச் சீத்தாப்பழத்தைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் பேசலாமென்று எழுதுகிறேன். அதன் நன்மையை மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இதே பழத்தின் விதையால் என் மகளின் கண்ணுக்கு நேர்ந்த ஆபத்தையும் சொல்லியாக வேண்டும்.

இதுவும் வெளிநாட்டுப் பழம்தான்!

தர்மபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது எங்கள் தீர்த்தமலை. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். ராமர் சிவபூஜை செய்வதற்காக அனுமனைக் காசிக்கு அனுப்பி கங்கை நீர் கொண்டுவரச் சொன்னாராம். அனுமன் வரத் தாமதமானதால், ராமர் தாமே அம்பு விட்டு மலையில் நீர் வரவழைத்தாராம். அதுதான் ராமர் தீர்த்தம். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் வீசிய கங்கை நீர் விழுந்த இடம், தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள அனுமன்தீர்த்தம். இப்படி ராமர் கதையோடு ஒட்டிய ஊர் என்பதால், "சீதை வனவாசத்தில் சாப்பிட்ட பழம், அதான் சீத்தாப்பழம்" என்று இங்கே பெரியவர்கள் சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

ஆனால், தாவர நூல் வல்லவர்கள் சொல்வது வேறு. சீத்தா மரத்தின் பிறந்த வீடு வெப்பமண்டல அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும். போர்ச்சுகீசியர் வழியாக அது நம் நாட்டுக்கு வந்து பரவியது என்பதே பொதுவான கருத்து. போர்ச்சுகீசியர் இதை 'ஆட்டா' என்பார்கள். வங்காளத்தில் 'ஆத்தா', கேரளத்தில் 'ஆத்தச்சக்கை' என்று சொல்வதைப் பாருங்கள், விருந்தாளி எந்த வழியாக வந்தார் என்பது புரியும். இந்தக் குடும்பத்தில் வேறு பழங்களும் உண்டு. ராமசீத்தா என்று ஒன்று. முள்சீத்தாவை வடக்கே லட்சுமணப் பழம் என்பார்கள். அனுமன் பழம் என்று இன்னொன்று! வந்த ஊர் எதுவானாலும், நம் ஜனங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் ராமாயணப் பெயர் சூட்டிச் சொந்தமாக்கிக் கொண்டார்கள்.

வறண்ட கரட்டு நிலத்தில், யாரும் தண்ணீர் ஊற்றாமல், உரம் போடாமல் வளர்வது இந்த மரம். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும், மழை பட்டதும் துளிர்க்கும். ஆவணியிலிருந்து ஐப்பசி வரை பழம். ஆடு மேயும் கரட்டில் இது மட்டும் எப்படித் தப்புகிறது என்று புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். என் மாமியார்தான் சொன்னார்: "சீத்தா இலைய ஆடு தொடாது கண்ணு." ஏன் தொடாது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சுளையில் என்ன இருக்கிறது?

விதையும் தோலும் நீக்கிய 100 கிராம் சுளையில் சுமார் 100 கலோரி சக்தி இருக்கிறது. ஆப்பிளில் 50 சொச்சம்தான். சீத்தாவில் மாவும் சர்க்கரையுமாக 23 கிராமுக்கு மேல். புரதம் 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைய. நார்ச்சத்து 3 முதல் 4 கிராம். பொட்டாசியம் ஏறக்குறைய 250 மில்லிகிராம். ஆப்பிளில் உள்ளதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

வைட்டமின் 'சி' சுமார் 36 மில்லிகிராம். நம்மைப் போன்ற பெண்களுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வரையறுத்தது. நடுத்தரமான ஒரு பழத்தில் சுமார் 100 கிராம் சுளை தேறும். ஆக, ஒரு பழத்திலேயே பாதிக்கு மேல் கிடைத்துவிடுகிறது! (கொய்யாவும் நெல்லிக்காயும் இதில் சீத்தாவை மிஞ்சும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

"சீத்தா சாப்பிட்டா ரத்தம் ஊறும்" என்று சொல்வதுண்டு. பழத்தில் இரும்புச்சத்து அப்படியொன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. ஆனால் கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. சேர உதவுவது வைட்டமின் 'சி'. எங்கள் பக்கத்தில் களியும் கீரையும்தான் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டோடு ஒரு பாதி சீத்தாவும் சாப்பிட்டால், கீரையில் உள்ள இரும்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். இப்படிப் பார்த்தால் பெரியவர்கள் சொன்னதும் முழுக்கத் தவறில்லை அல்லவா?

சாப்பிட அடம்பிடிக்கும் ஒல்லிக் குழந்தைகளுக்கு இது நல்ல பழம். ஆறு மாதம் முடிந்து, மற்ற உணவு பழக்கிய கைக்குழந்தைக்கும் சுளையைச் சல்லடையில் தேய்த்து, விதை ஒன்றுகூட இல்லையென்று பார்த்த பிறகு, ஒரு ஸ்பூனில் தொடங்கலாம். சின்னக் குழந்தை கையில் முழுப் பழத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போகக்கூடாது. வழுவழுவென்ற அந்த விதை தொண்டையில் மாட்டிக்கொண்டால் ஆபத்து.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வயிறாரச் சாதம் சாப்பிட்டுவிட்டு மேலே இரண்டு சீத்தா சாப்பிடுவது கூடாது. பாதிப் பழம், அதுவும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியம் காரணமாகக் கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் சுளையை அளவாகச் சாப்பிடலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் மட்டும் டாக்டர் சொற்படி. "சளி பிடிக்கும்" என்ற பயமும் பல வீடுகளில் உண்டு. பழம் வருவதோ மழைக்காலம். ஜலதோஷம் வருவதும் மழைக்காலம். பழி மட்டும் பாவம், பழத்தின்மேல்! ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில்லிப்போடு கொடுக்காமல் இருந்தால் போதும்.

அரைத்தது என் கைதான்

இனி, சொல்லியே ஆக வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

11 வருடங்களுக்கு முன் என் மூத்த மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து தலை நிறையப் பேனோடு வந்தாள். இரவெல்லாம் சொறிந்து சொறிந்து தூங்கமாட்டாள். என் மாமியார், "சீத்தா வெதைய அரைச்சுத் தேங்காண்ணெயில கொழைச்சுப் பூசு. மறுநாளே ஒரு பேன் இருக்காது. எங்க காலத்துல எல்லாம் இதான்" என்றார். இங்கே பல வீடுகளில் அதுதான் வழக்கம். நானும் ஒரு கைப்பிடி விதையை வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, குழந்தை தலையில் அப்பி, துணியால் கட்டிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தலைக்கு ஊற்றினேன். ஷாம்பு நுரையோடு அந்த விழுதும் நெற்றியில் வழிந்தது. "அம்மா, கண்ணு எரியுதும்மா" என்றாள். ஷாம்பு எரிச்சல் என்று நினைத்து, முகத்தை ஒரு தடவை அலம்பிவிட்டுத் துவட்டிவிட்டேன். சாயந்திரம் விளையாடக்கூடப் போனாள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. இரண்டு கண்ணும் செக்கச்செவேலென்று வீங்கி, தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. விளக்கைப் போட்டால் அலறினாள். "மண்ணு போட்ட மாதிரி இருக்கும்மா" என்று அழுதாள். பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விடச் சொன்னார். இன்னொருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். நல்லவேளை, என் வீட்டுக்காரர் எதையும் விடக்கூடாது என்று தடுத்துவிட்டார். விடிந்ததும் முதல் பஸ். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் அவள் முகத்தை மூடிக்கொண்டு போனேன்.

கண் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வியே, "தலைக்கு என்னம்மா போட்டீங்க?" என்பதுதான். நான் சொன்னதும் தலையை ஆட்டினார். இரண்டு கண்ணிலும் கருவிழியின் மேல்தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. "ஒவ்வொரு சீத்தாப்பழ சீசனுக்கும் இப்படி வர்றாங்கம்மா. சீக்கிரம் வந்தீங்க, பிழைச்சுது. புண்ணுல கிருமி சேர்ந்து தழும்பாயிடுச்சுன்னா பார்வையே மங்கிடும்" என்றார். மருந்து, சொட்டு, இருட்டறை. ஏழு நாள் என் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடியே நடந்தாள். எட்டாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, "அம்மா, நீ அழுதியா?" என்று கேட்டாள். அவள் பார்த்துக் கேட்டாள் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் அவளை மடியில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பேசவேயில்லை. பிறகு மெதுவாக, "ஆடு தொடாத மரம்னு நாந்தான் ஊருக்கெல்லாம் சொல்லுவேன். அத நானே பிள்ளை தலைல பூசச் சொல்லிட்டேனே" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. சொன்னது அவராக இருக்கலாம், அரைத்தது என் கைதானே!

விதையில் ஏன் விஷம்?

சீத்தா தன் இலையிலும் விதையிலும் பூச்சிகளைக் கொல்லும் நஞ்சுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. மரம் தன் குஞ்சுகளைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு அது. விதைச் சாற்றைப் பயிர்ப் பூச்சிக்குத் தெளிப்பதும் இதனால்தான். பேனைக் கொல்வதும் இதே நஞ்சுதான். பேனைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆனால், பேன் இருக்கும் இடத்துக்கும் கண்ணுக்கும் நாலு விரற்கடை தூரம்தானே?

முழு விதையைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. அதன் ஓடு கெட்டியானது. அப்படியே வெளியேறிவிடும். உடைந்த விதையும் அரைத்த விதையும்தான் ஆபத்து. அதனால் பழத்தை விதையோடு மிக்சியில் போடவே கூடாது. கர்ப்பிணிகள் எந்தக் காரணத்துக்காகவும் விதையை மருந்தென்று உட்கொள்ளக் கூடாது.

யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால் கசக்கவிடாதீர்கள். சுத்தமான தண்ணீரைக் கால்மணி நேரம் விடாமல் கண்ணில் ஊற்றிக் கழுவுங்கள். தாய்ப்பால், எண்ணெய், வீட்டில் கிடக்கும் பழைய சொட்டுமருந்து எதுவும் வேண்டாம். எரிச்சல் நின்றுவிட்டது என்று ஏமாந்துவிடாமல், உடனே கண் டாக்டரிடம் போய்விடுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சாயந்திரம் எரிச்சல் நின்றது, வலி வந்தது இரவில்தான்.

பேனுக்கு என்ன செய்வது? ஈரத்தலையில் எண்ணெய் தடவி, நெருக்கமான பேன்சீப்பால் மூன்று நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் வாருங்கள். ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாதலால் ஒருநாள் வாரினால் போதாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரைக் கேட்டு அதற்கென்று உள்ள லோஷன் வாங்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றுநோயைப் போக்கும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். மனிதர்களிடம் அது நிரூபிக்கப்படவில்லை. கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில், நடுக்கமும் நடை தடுமாற்றமும் உண்டாக்கும் ஒரு நரம்பு நோய் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதை டாக்டர்கள் கண்டு 1999-ல் எழுதினார்கள். முள்சீத்தா வகைப் பழங்களையும் இலைக் கஷாயத்தையும் நெடுங்காலம் உபயோகித்ததோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். நோயாளி வீட்டார் ஆசையில் செய்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வைத்தியத்தை விட்டுவிட்டுக் கஷாயத்தை நம்பாதீர்கள். சீத்தாவும் அந்தக் குடும்பம்தான். பருவத்தில் வரும் பழத்தைப் பருவத்தில் அளவாகச் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாங்குவதும் பழுக்க வைப்பதும்

பழத்தின் மேலே உள்ள மேடுகளை 'கண்' என்போம். கண்ணுக்குக் கண் நடுவே உள்ள பள்ளம் அகன்று, வெளிர்மஞ்சளாகத் தெரிந்தால் முற்றிய காய். பள்ளமே தெரியாமல் பச்சையாக நெருங்கியிருந்தால் இளங்காய். அதை எத்தனை நாள் வைத்தாலும் கறுத்துச் சுருங்குமே தவிரப் பழுக்காது. முற்றிய காயை அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ வைத்தால் இரண்டு மூன்று நாளில் மெத்தென்று பழுத்துவிடும். பழுக்கும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், தோல் கறுத்து வீணாகிவிடும். பழுத்த பிறகு ஒரு நாள் வைக்கலாம்.

சீத்தாவை அடுப்பில் வைக்கக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள். சூடு பட்டால் கசந்துவிடும். நான் முதல்முறை செய்த சீத்தாப் பாயசத்தை எங்கள் வீட்டுப் பூனைகூட முகர்ந்து பார்க்கவில்லை! இப்போது செய்வது இப்படி: இரண்டு டம்ளர் பாலைக் காய்ச்சி, நன்றாக ஆறவிட வேண்டும். நாலு பழத்தின் சுளையை எடுத்து, கண் அகன்ற சல்லடையில் கையால் தேய்த்து விதையை நீக்கி, பாலில் சேர்த்துக் கலக்கி, ஒரு ஏலக்காய் தட்டிப்போட்டு உடனே பரிமாற வேண்டும். சர்க்கரை தேவையேயில்லை. ஜவ்வரிசி வேகவைத்து ஆறவைத்துச் சேர்த்தால் விருந்துக்கு வைக்கலாம்.

மராட்டிய மாநிலத்தில் பீட் மாவட்டத்துச் சீத்தாப்பழத்துக்கு 2016-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். நம் அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலும் வறண்ட நிலத்துக்கு ஏற்ற ரகம் ஒன்றை உண்டாக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் பழத்தை, பஸ் ஸ்டாண்டில் கூறுகட்டி விற்கிறார்கள் என்பதற்காக நாம் மட்டமாக நினைக்கலாமா? ஒரு ஆப்பிள் விலைக்கு ஒரு கூறு கிடைக்கிறதென்றால், அது நம் அதிர்ஷ்டம்.

என் மகளுக்கு இப்போது 19 வயது. கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறாள். சீத்தா சீசன் வந்தால் முதல் பழம் அவளுக்குத்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் என் மாமியார் தட்டுத்தட்டாக விதைகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடி, குழந்தைகளுக்கு எட்டாத பரண்மேல் வைத்துவிடுவார். மழை நாளில் வேலியோரம் கொண்டுபோய் ஊன்றுவார். அப்படி ஊன்றியதில் மூன்று மரம் இப்போது காய்க்கிறது. நாலு வருடத்தில் பலன் கொடுத்துவிட்டது. ஆட்டுக்குப் பயந்து முள் கட்ட வேண்டிய வேலையும் இல்லை!

சகோதரிகளே, சுளையைக் குழந்தைக்குக் கொடுங்கள், விதையை மண்ணுக்குக் கொடுங்கள். தலைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.